தோட்டத்துக்கு எவ்வளவு பெரிய நாய் வேண்டும்?

மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் விவசாயி பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். கறவை மாடானால் இரண்டு வேளை கறந்தும் பார்க்கிறார். அதே விவசாயி நாய்க்குட்டி எடுக்கும்போது ஒன்றையும் பார்ப்பதில்லை. உறவினர் ஒருவர் கொடுத்தார் என்பதற்காக வாங்கிக் கொள்கிறார். அல்லது டவுனில் ஒரு பெரிய வீட்டு வாசலில் கண்ட ஆளுயர நாயைப் போலத் தமக்கும் ஒன்று வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கிறார். உள்ளங்கையில் அடங்கும் குட்டி ஒன்றரை ஆண்டில் 40 கிலோ எடையுடன் நிற்கும்போதுதான் தொல்லை தெரிகிறது. தீனி கட்டுப்படியாவதில்லை. வீட்டுப் பெண்களால் பிடிக்க முடிவதில்லை. பகலும் இரவும் சங்கிலியில் கிடந்து அது வெறுப்பேறிப் போகிறது. பால் ஊற்ற வருகிறவரையும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையையும் கடித்து வைக்கிறது. கடைசியில் இரவோடு இரவாக நெடுஞ்சாலையோரம் கொண்டுபோய் விடப்படுகிறது.

நாய் எந்த இனம் என்பதைவிட எவ்வளவு பெரியது என்பதை முதலில் முடிவு செய்து கொள்வது நல்லது. தீனி, இடம், மருந்துச் செலவு, பிடித்து நடத்தும் வலு, ஆயுள் ஆகிய எல்லாமே பெரும்பாலும் உடலளவைப் பொறுத்தவை.

தோட்டத்து நாயின் வேலை என்ன?

குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்வதுண்டு. ஏளனமாகச் சொல்லப்படும் சொல்தான். ஆனால் சிறு விவசாயிக்கு வேண்டியது அந்தக் குரைக்கிற நாயேதான். மோட்டார் வயரை அறுக்க வருகிறவனோ, தேங்காய் பறிக்க ஏறுகிறவனோ, நாய் கடித்து அல்ல, குரைத்து வீட்டுக்காரர் விழித்துக் கொள்வார் என்பதற்கே அஞ்சுகிறான். வேற்று ஆள் வரப்பில் கால் வைத்தவுடன் குரைக்க வேண்டும். வீட்டார் வந்து அதட்டினால் அடங்க வேண்டும். இவ்விரண்டையும் 15 கிலோ நாய் செய்யும் அளவுக்கு 50 கிலோ நாயும் செய்யும். கூடுதலாக ஒன்றும் செய்துவிடாது. பல பெரிய நாய்கள் சிறிய நாய்களைவிடக் குறைவாகவே குரைக்கின்றன. லேப்ரடார் போன்ற இனம் திருடனிடமும் வாலை ஆட்டிக்கொண்டு போய் நிற்கக் கூடியது.

தீனிக் கணக்கு

நாயின் எடை இரு மடங்கானால் தீனியும் இரு மடங்காகும் என்று நினைப்பது சரியல்ல. உடல் பெரிதாகப் பெரிதாக ஒரு கிலோ எடைக்குத் தேவைப்படும் தீனி குறைந்துகொண்டே வரும். வளர்ந்த நாய் ஒன்றுக்குச் சாதாரண நடமாட்டத்துடன் ஒரு நாளைக்கு வேண்டிய எரிசக்தி, 10 கிலோ எடையானால் ஏறத்தாழ 630 கலோரி, 15 கிலோவானால் 850, 25 கிலோவானால் 1,250, 40 கிலோவானால் 1,780 கலோரி ஆகும். எடை நான்கு மடங்கானாலும் தீனி மூன்று மடங்கைத் தொடவில்லை.

ஆயினும் மொத்தச் செலவைப் பார்க்க வேண்டும். 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு நாள் ஒன்றுக்கு அரிசி, கம்பு, கேழ்வரகு இவற்றில் ஏதாவது ஒன்று சமைக்குமுன் 175 கிராம், ஒரு முட்டை, கோழிக்கடைக் கழிவு இறைச்சி வேகவைத்து 75 முதல் 100 கிராம், ஒரு சிறு கரண்டி எண்ணெய் கொடுத்தால் போதும். ஆண்டுக்கு ஏறத்தாழ 64 கிலோ தானியம். 40 கிலோ நாய்க்கு எல்லாம் இதைப்போல் இரு பங்கு. அதாவது ஆண்டுக்கு 125 கிலோவுக்கு மேல் தானியமும், 70 கிலோவை ஒட்டி இறைச்சியும், 700க்கு மேல் முட்டையும் வேண்டும். வீட்டில் மீந்த பழைய சோற்றையும் மோரையும் மட்டும் ஊற்றிப் பெரிய இன நாயை வளர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். வெறும் சோறு தின்று வளர்ந்த பெரிய இனக் குட்டிகளே கால் வளைந்து, விலா எலும்பு தெரிய நிற்கின்றன. வளரும் குட்டிக்கு ஒரு கிலோ எடைக்கு வளர்ந்த நாயைப்போல் இரு மடங்கு தீனி தேவை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இந்தக் கணக்கில் விவசாயிக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. 40 கிலோ நாய் ஒன்றுக்குப் போடும் தீனியில் 15 கிலோ நாட்டு நாய்கள் இரண்டை வளர்த்துவிடலாம். தோட்டத்துக்கு இரண்டு பக்கமும் காவல். ஒன்று அசந்தாலும் மற்றது குரைக்கும். ஒன்றுக்கு நோய் வந்தாலும் தோட்டம் காவலின்றிக் கிடக்காது.

குடற்புழு மாத்திரை எடையைப் பார்த்துக் கொடுப்பது. பல மாத்திரைகள் 10 கிலோவுக்கு ஒன்று என்ற அளவில் வருகின்றன. 40 கிலோ நாய்க்கு ஒவ்வொரு முறையும் நான்கு மாத்திரை. உண்ணி மருந்தும் அப்படியே. வெறிநோய்த் தடுப்பூசி மட்டும் எந்த அளவு நாய்க்கும் ஒரே அளவுதான்.

ஆயுளும் உடலளவைப் பொறுத்தே அமைகிறது. மாடு, யானை என்று பார்த்தால் பெரிய விலங்கு நெடுநாள் வாழ்கிறது. நாய்களுக்குள் இது தலைகீழ். சிறிய, நடுத்தர நாய்கள் நல்ல பராமரிப்பில் 12 முதல் 15 ஆண்டு வரை இருக்கின்றன. கிரேட் டேன் போன்ற மிகப் பெரிய இனங்களுக்கு 8, 10 ஆண்டே பெரிது. பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறும், ஆழ்ந்த நெஞ்சுள்ளவற்றில் வயிறு உப்பி முறுக்கிக் கொள்வதும் அதிகம். வயிறு முறுக்கிய நாய் சில மணி நேரத்தில் இறந்துபோகும். கால்நடை மருத்துவமனை 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சிற்றூரில் இது சிறிய விஷயமல்ல.

நம் நாட்டு இனங்கள்

தமிழ்நாட்டு நாய் இனங்களில் உருவத்தில் பெரியது ராஜபாளையம். தோள் உயரம் இரண்டேகால் அடி வரை, அதற்கு மேலும் இருக்கும். எடை 25 கிலோவை ஒட்டி வரும். வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் இதற்கு அடையாளம். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்கு வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளில் இதுவும் ஒன்று. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் 2020ஆம் ஆண்டில் தேசிய விலங்கு மரபு வள நிறுவனத்தால் தனி இனங்களாகப் பதிவு செய்யப்பட்டன. ராஜபாளையம் காவலுக்குச் சிறந்தது. ஆனால் வெள்ளை நிறத்தோடு சேர்ந்து காது கேளாமையும் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே வருகிறது. ஆறு வாரம் கடந்த குட்டியின் பின்புறம் அது பார்க்காதபடி நின்று, கையைத் தட்டியோ ஒரு தட்டைத் தட்டியோ பார்க்க வேண்டும். கூட்டத்தில் மற்றக் குட்டிகளைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும் என்பதால் தனியே பிரித்து வைத்தே சோதிக்க வேண்டும். காது கேளாத நாய் காவலுக்கு உதவாது. பின்னால் வந்து தொட்டவரைத் திடுக்கிட்டுக் கடித்துவிடவும் கூடும்.

விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையின் சிப்பிப்பாறையும் கன்னியும் உயரத்தில் ஏறத்தாழ ராஜபாளையத்துக்கு இணை. உடல்வாகு மட்டும் ஒல்லி. எடை பெரும்பாலும் 20 கிலோவுக்குள். தீனி குறைவு, வெயில் தாங்கும், வீட்டாரிடம் பாசம் மிகுதி. ஆனால் இவை முயல் விரட்டப் பிறந்த ஓட்ட நாய்கள். நாள்தோறும் ஓட இடம் வேண்டும். ஐந்தடிச் சங்கிலியில் கட்டிப்போட்டால் இவற்றைப்போல் கெட்டுப்போகும் நாய் வேறில்லை. ஓடுவது எதுவானாலும் விரட்டும் குணம் உண்டு. ஆடு, கோழி உள்ள வீட்டில் குட்டிப் பருவத்திலிருந்தே அவற்றோடு பழக்க வேண்டும். முயல் வேட்டைக்கென்று இவற்றை வாங்குவோர் ஒன்றை அறிய வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை நாயைவிட்டுப் பிடிப்பதும் குற்றமே.

தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் உயரத்தில் இரண்டடிக்குள் அடங்கும். செம்பழுப்பு நிறம், கரிய முகம், திரட்சியான உடல். காவல் குணம் மிகுந்தது. அதட்டிப் பழக்கத் தெரிந்தவர் கையில்தான் இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் விலை கொடுக்க வேண்டும். விலையே இல்லாமல் கிடைப்பது ஊர் நாட்டு நாய். ஒன்றரை அடி உயரம், 12 முதல் 20 கிலோ எடை, குட்டை மயிர். மிச்சம் மீதியைத் தின்று நம் வெயிலிலும் மழையிலும் தலைமுறை தலைமுறையாய் நின்று நிலைத்த உடம்பு. இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் பெரும்பாலான விவசாயிகளுக்கு இதைவிடப் பொருத்தமான நாய் வேறில்லை. பெயரில்லாத இனம் என்பதால் மதிப்பில்லாமல் போய்விட்டது, அவ்வளவே. நான்கு நேரம் தீனியும் தடுப்பூசியும் பெரிய இன நாய்க்குச் செய்வதில் பாதியை நாட்டுக் குட்டிக்குச் செய்து பார்த்தால் அதன் தரம் விளங்கும்.

வெளிநாட்டு இனங்களில் அல்சேஷன், டாபர்மேன், ராட்வைலர் இவையெல்லாம் 30, 40 கிலோவைத் தொடுபவை, சில அதற்கும் மேலே போகும். பழக்குவதற்கு ஆளும் நேரமும் உள்ள வீட்டுக்கே இவை ஏற்றவை. செயின்ட் பெர்னார்ட், ஹஸ்கி போன்ற அடர்மயிர் நாய்கள் பனிநாட்டுக்கு உரியவை. நாய்க்கு மனிதனைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக் கொள்கிறது. அடர்மயிரையும் பெரிய உடலையும் சித்திரை வெயிலில் அது எப்படிச் சமாளிக்கும்? மூக்குச் சப்பையான பக் உருவத்தில் சிறியதானாலும், மூச்சு வாங்கச் சிரமப்படுவதால் அதற்கும் வெயில் ஆகாது.

யார் வீட்டுக்கு எது?

ஊருக்குள் ஒட்டு ஒட்டாக உள்ள வீடுகளில், வாசல் திண்ணையைத் தவிர வேறு இடமில்லாதவர்களுக்கு 10 கிலோவுக்குள் உள்ள நாய் போதும். பொமரேனியன் என்று நம் ஊரில் அழைக்கப்படும் ஸ்பிட்ஸ் நாய் நன்றாகக் குரைக்கும். அதன் மயிரை நாள்தோறும் வாரிவிட நேரம் இல்லாதவர்கள் சிறிய நாட்டு நாயையே வைத்துக் கொள்ளலாம். நாள் முழுதும் குரைத்தால் பக்கத்து வீட்டாரோடு சண்டை வரும் என்பதையும் எண்ணிக் கொள்ள வேண்டும்.

தோட்டத்திலேயே தனிவீடு உள்ளவர்களுக்கு 15 முதல் 25 கிலோ வரை உள்ள நடுத்தர நாய் ஏற்றது. இங்கே ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஆண்கள் வெளியூர் போயிருக்கும் நாளில் அந்த நாயைப் பிடிக்க வேண்டியவர் யார் என்று பாருங்கள். அறுபது வயது அம்மாவாக இருக்கலாம், பள்ளி செல்லும் பெண்ணாக இருக்கலாம். சங்கிலியை இழுத்தால் அவரைக் கீழே தள்ளிவிடாத நாயே அந்த வீட்டுக்குரிய அளவு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது இன்னும் முக்கியம். பெரிய நாயின் வாய் குழந்தையின் முகத்துக்கு நேர் உயரத்தில் இருக்கிறது.

காட்டுப்பன்றித் தொல்லைக்காகப் பெரிய நாய் தேடுவோர் பலர். பன்றியை எதிர்த்து நிற்க எந்த ஒற்றை நாயாலும் முடியாது. கொம்புப் பல்லால் வயிற்றைக் கிழித்துவிடும். துணிந்து பாயும் பெரிய நாய்தான் முதலில் சாகிறது. தூரத்திலிருந்தே குரைத்து எழுப்பும் இரண்டு நடுத்தர நாய்களும், எழுந்து வந்து டார்ச் அடிக்கும் ஆளும் இருந்தால் அதுவே பயன் தரும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சிறுத்தை நடமாட்டம் உள்ள இடங்களில் எந்த அளவு நாயானாலும் இரவில் வெளியே கட்டிவைக்கக் கூடாது. கட்டிய நாயால் ஓடவும் முடியாது. கதவுள்ள கொட்டகையிலோ வீட்டுக்குள்ளோ விட வேண்டும்; குரல் அங்கிருந்தும் கேட்கும்.

ஆட்டுப்பட்டி வைத்திருப்போர்

ஆடு வளர்ப்போர் நாயின் அளவைவிட அதன் வளர்ப்பைக் கவனிக்க வேண்டும். இரண்டு மாதக் குட்டியிலிருந்தே பட்டியில் ஆடுகளோடு படுத்து எழுந்த நாய், ஆட்டைத் தன் கூட்டமாகவே எண்ணும். வளர்ந்த பின் வாங்கி வந்து பட்டியில் விட்ட நாயை நம்ப முடியாது. 20 கிலோவை ஒட்டிய, நிதானமான குணமுள்ள நாட்டு நாய் இதற்குப் போதும். வேட்டை இரத்தம் மிகுந்த நாய் வேண்டாம்.

2024, 2025ஆம் ஆண்டுகளில் திருப்பூர் மாவட்டம் காங்கயம், வெள்ளகோவில் பகுதிகளில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராட வேண்டியதாயிற்று. கூட்டமாகச் சேர்ந்து ஆட்டைக் கடிக்கும் நாய்கள் வானத்திலிருந்து வந்தவையல்ல. வளர்க்க முடியாமல் கைவிடப்பட்டவையும், பெட்டைக் குட்டி என்று சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடப்பட்டவற்றின் வாரிசுகளும் அவற்றில் உண்டு. இரவில் அவிழ்த்து விடப்படும் வீட்டு நாய்களும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து போய்விட்டு, விடியற்காலையில் ஒன்றும் தெரியாததுபோல் வந்து படுத்துக் கொள்கின்றன. வேலியில்லாத தோட்டத்தில் நாயை இரவு முழுதும் ஊர் சுற்ற விடக் கூடாது.

பெட்டைநாய் உருவத்தில் ஆணைவிடச் சற்றுச் சிறியது, தீனியும் அதற்கேற்பக் குறைவு. காவலில் குறைவில்லை, பருவ காலம் தவிர ஊர் சுற்றுவதும் குறைவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போல் பருவத்துக்கு வருவதுதான் தொல்லை. கருத்தடை அறுவை செய்துவிட்டால் அதுவும் தீர்ந்தது. இதைச் சொல்லியும் ஆண்குட்டியையே கேட்கிறார்கள்.

ஆட்டின் தலை, ஈரல் முதலியவற்றைப் பச்சையாக நாய்க்குப் போடும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. தலைசுற்றி விழுந்து சாகும் ஆட்டின் மூளையில் காணப்படும் நீர்க்கட்டி, நாயின் நாடாப்புழு முட்டையால் வருவது. அந்தத் தலையை நாய் தின்றால் நோய் மறுபடியும் பட்டிக்கே திரும்பும். வேகவைத்தே போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும்.

கட்டும் முறை

பகலில் கட்டுவதானால் ஐந்தடிச் சங்கிலியை முளையில் மாட்டுவதைவிட, இரண்டு கம்பங்களுக்கு இடையே 25, 30 அடி நீளத்துக்குக் கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டுவது மேல். நாய் அந்த நீளம் முழுதும் போய் வரும். நிழலும் தண்ணீரும் அதற்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கிணற்றுச் சுவரும் வேலியும் எட்டக் கூடாது. தாவிக் குதித்துச் சங்கிலியில் தொங்கிச் செத்துப்போகும். நாயை நெடுநேரம் மிகக் குட்டையான அல்லது கனத்த சங்கிலியில் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டிய நாயை நடத்திக் கூட்டிச் செல்லாமல் விடுவதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்கள். காலை மாலை அரைமணி நேரம் வயலைச் சுற்றிவர யாராலும் முடியாது என்றால், அந்த வீட்டுக்குப் பெரிய நாய் வேண்டாம்.

குட்டி எடுக்கும்போது

குட்டி எவ்வளவு பெரிதாகும் என்பதை அறியத் தாயைப் பார்ப்பதே நல்ல வழி. தகப்பன் நாயையும் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் வாங்க வேண்டாம். நடுத்தர நாய் நான்கு மாத வயதில் இருக்கும் எடை, வளர்ந்தபின் ஆகும் எடையில் ஏறத்தாழப் பாதி. சிறிய நாய்கள் பத்து மாதத்துக்குள் முழு வளர்ச்சி பெறும், பெரியவை ஒன்றரை ஆண்டு வரை வளரும். எட்டு வாரத்துக்குமுன் தாயிடமிருந்து பிரித்த குட்டி சவலையாகும், கடிக்கும் பழக்கமும் அதற்கு எளிதில் வரும்.

குட்டியைக் கொண்டுவந்த வாரமே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டி, எடை போட்டுக் குடற்புழு மருந்து பெற வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் கொள்ளை நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்கும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. ஊசி போட்ட நாயே கடித்தாலும், கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டக் கூடாது. ஊசி போட்ட தேதி எழுதிய அட்டையை ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வைத்துக் கொண்டால் தேவையான நேரத்தில் தேட வேண்டியிராது.